புதிய வாசகர்களுக்கான முன்கதை

"ம்" என்றான் சவரிமுத்து. நான் புரட்டினேன். இதுதான் எங்கள் ஏற்பாடு, அவன் ம் சொன்னால் நான் புரட்ட வேண்டும், சொல்லாதவரை என் ஆள்காட்டிவிரல் பக்கத்தின் கீழ்மூலையில் காத்துக்கிடக்க வேண்டும், முந்தவும் கூடாது, தூங்கவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு அவன் மனைவி ஜெபமாலை பூசைக்குக் கிளம்புவாள், நான் ஏழேகாலுக்கே இரவு வேலை முடிந்து நேராக இங்கே வந்துவிடுவேன், அவள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்று "நீங்க இருக்கீங்கன்னுதாண்ணே நிம்மதியா முழங்கால் போட முடியுது" என்பாள், நான் செருப்பைக் கழற்றுவேன். பிறகு நாங்கள் இரண்டு பேர், இரும்புக் கட்டில், கட்டிலுக்கு எதிரே பிளாஸ்டிக் ஸ்டூல், ஸ்டூலின்மேல் சுவரோடு சாய்த்து வைத்த பரீட்சை அட்டை, அட்டையின் கிளிப்பில் மாட்டிய காமிக்ஸ். "மூக்கு" என்றான். சொறிந்துவிட்டேன். "இன்னும் மேல, கண்ணுக்குக் கீழ. ஆங்." அவனுக்கு இரண்டு கைகளும் இல்லை. தோளுக்கு நாலு விரற்கடை கீழே முடிந்துபோகின்றன, முடிகிற இடத்தில் தோல் சுருக்குப்பையின் வாய்போல மடிந்திருக்கிறது, பதினோரு மாதமாகப் பார்க்கிறேன், இன்னும் அங்கே பார்க்காமல் பார்க்கத்தான் வருகிறது. அந்தக் கைகளை வெட்டி எடுத்தது டாக்டர், எடுக்கும்படி ஆக்கியது நான். இது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாக இந்த ஒரு விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவனுக்காகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாற்பத்தேழு வயதில் காமிக்ஸ் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்று யாரிடம் சொல்வது. எட்டாவதோடு நின்றவன் நான், அதற்கப்புறம் எல்லாம் நானாகப் படித்தது, டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனிக்காரன் விட்டுப்போன கையேடு, ஒரு புத்தகக் கடை மூடியபோது எடைக்குப் போட்டுக்கொண்டிருந்ததில் எடுத்த இங்கிலீஷ்-தமிழ் அகராதி, அதை முதல் எழுத்திலிருந்து ஒரு சொல் விடாமல் படித்துக்கொண்டு வந்தேன், மின்நிலையக் கன்ட்ரோல் ரூமில் ராத்திரி ஒன்பது வருடம், பதிமூன்றாம் எழுத்துவரை வந்துவிட்டேன். சவரி சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூம் மூலையில் காலை நீட்டிக்கொண்டு படக்கதை படிப்பான், பறக்கிறவன் கதை, சுவரை உடைக்கிறவன் கதை. "ஜட்டிய வெளிய போட்டவன் கதையெல்லாம் ஒரு படிப்பாடா" என்று கேட்டேன் ஒரு தடவை. "உள்ள போட்டவன் கதைய நீ படி மாப்ள, நாடு திருந்தட்டும்" என்றான். எனக்கு அது எழுத்து வராதவர்களுக்கான சமாச்சாரம் என்று எண்ணம். இங்கே வந்த முதல் ஞாயிறு பலூனுக்குள் இருந்த எழுத்தை மட்டும் விறுவிறுவென்று படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன், அடுத்ததையும் அப்படியே. "யோவ், தந்தியா வாசிக்கிற" என்றான், "படத்தப் பாருய்யா. அவன் மூஞ்சி எங்க திரும்பியிருக்கு, நெழல் எங்க விழுது, அதப் பாரு." பார்த்தேன். ஒரு கட்டத்தில் கதாநாயகன் முஷ்டியை ஓங்குகிறான், அடுத்த கட்டத்தில் எதிரி தரையில் கிடக்கிறான். "அடிய வரையவே இல்லியேடா" என்றேன். சவரி அன்றைக்கு ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தான். "அடி நடுவுல இருக்கு மாப்ள. ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல ஒரு வெள்ளக் கோடு ஓடுதுல்ல, அதுக்குள்ள. அத நீதான் அடிக்கணும்." அந்த வெள்ளைக் கோடு அன்றைக்கு எனக்குள் நுழைந்தது. இப்போது எதைப் பார்த்தாலும் அதுதான் தெரிகிறது, பஸ்ஸில் ஏறியதற்கும் இறங்கியதற்கும் நடுவே, சாப்பிட உட்கார்ந்ததற்கும் கை கழுவியதற்கும் நடுவே, நான் 'போட்டாச்சு' என்று சொன்னதற்கும் போடாததற்கும் நடுவே, சுண்டுவிரல் அகலத்தில் வெள்ளையாக, எதுவும் வரையாமல்.

"ம்." புரட்டினேன். இன்றைக்குக் கிளிப்பில் இருப்பது சாதாரணப் புத்தகம் இல்லை. சவரியின் டிரங்குப் பெட்டியில் நீலப்பொறி கதைகள் எட்டு இருந்தன, ஒன்றிலிருந்து பத்துவரை, ஏழும் ஒன்பதும் மட்டும் இல்லை, ஏழு போனால் போகிறது, ஒன்பதுதான் முக்கியம், அதில்தான் எல்லாம் அவிழ்கிறது, பத்தில் வேறு கதை தொடங்கிவிடுகிறது. அவன் ஒன்பதாவது படிக்கும்போது அந்த இதழ் திண்டுக்கல்லுக்கே வரவில்லையாம், பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று ஒரு வருடம் சொன்னாராம். முப்பத்திரண்டு வருடம். இப்போது ஜெபமாலையின் செல்போனில் பழைய காமிக்ஸ் சேர்க்கிறவர்கள் கூட்டம் ஒன்றில் இவனைச் சேர்த்துவிட்டார்கள், இவன் சொல்லச் சொல்ல அவள் தட்டெழுதுவாள், சிவகாசியில் ஒருத்தர் தன்னிடம் இரண்டு பிரதி இருப்பதாகச் சொல்லி வெள்ளிக்கிழமை கூரியரில் அனுப்பிவிட்டார். "வந்த அன்னிக்கே புரட்டட்டுமான்னு கேட்டேண்ணே, வேணாம் பெருமாளு வரட்டும்னுட்டாரு" என்று வாசலில் நின்று ஜெபமாலை சொன்னபோது கழற்றிய செருப்பை மறுபடி மாட்டப் பார்த்தேன். ஏனென்றால் எட்டாவது இதழின் கடைசிப் பக்கம் எனக்கு மனப்பாடம், இருட்டான அறை, சுவர் முழுக்க சுவிட்சுகள், கதவிடுக்கில் ஒரு ஆளின் முதுகு, கீழே கொட்டை எழுத்தில், அன்று சுவிட்சைப் போட்டவன் யார்? விடை அடுத்த இதழில். நாலு மாதத்துக்கு முன் அந்தப் பக்கத்தை நான்தான் அவனுக்குப் புரட்டிக் காட்டினேன். காட்டிவிட்டு வெளியே போய்க் கொல்லையில் நின்றேன், சவரி உள்ளே இருந்து "என்ன மாப்ள, மூத்திரமா" என்றான், ஆமாம் என்றேன்.

மூன்றாம் பக்கம். எதிர்பார்த்ததுதான், எல்லா இதழிலும் மூன்றாம் பக்கத்தில் இது இருக்கும், மேலே ஒரு பட்டை, புதிய வாசகர்களுக்காக, அதன் கீழே ஆறு கட்டத்தில் பழைய கதை. டேனியல் என்று ஒருத்தன், மின்நிலையத் தொழிலாளி. மழை. கம்பத்தில் ஏறுகிறான். கன்ட்ரோல் ரூமில் யாரோ ஒருவரின் கை, கை மட்டும், சுவிட்சைப் போடுகிறது. ஐந்தாவது கட்டம் முழுக்க நீலம், நடுவே எலும்புக்கூடுபோல டேனியல். ஆறாவது கட்டத்தில் எழுந்து நிற்கிறான், உடம்பெல்லாம் பொறி பறக்கிறது, இனி அவன்தான் நீலப்பொறி, கம்பிகள் வழியே எங்கும் போகலாம், எவரையும் காப்பாற்றலாம். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே அந்த வெள்ளைக் கோடு. எனக்குத் தெரியும் அதற்குள் என்ன இருக்கிறது என்று. கருகிய மயிர் வாடை இருக்கிறது, கம்பத்தின் கீழே ஒற்றைச் செருப்பு, ஆம்புலன்ஸ்காரன் "யாருய்யா கூட ஏறுறது" என்று கேட்டது, யாரும் ஏறாமல் இருந்தது, நான் ஏறியது, வழியெல்லாம் அவன் முகத்தில் மழைத்தண்ணீரைத் துடைத்தது, துடைக்கத் துடைக்க வந்தது, வண்டிக்குள் ஏது மழை என்று அப்புறம்தான் உறைத்தது. சவரி ஐந்தாவது கட்டத்தை எப்போதும்போல ரசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான், "எனக்குந்தான் பதினோராயிரம் வோல்ட்டு பாஞ்சுது. ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பக்கூட எரிய வைக்க முடியல." ஒவ்வொரு தடவையும் சொல்கிற நகைச்சுவைதான். ஒவ்வொரு தடவையும் நான் சிரிக்க வேண்டும். சிரித்தேன். "நல்லா சிரிக்கிறப்பா நீ, இருமற மாதிரி" என்றான்.

எத்தனை தடவை யோசித்தாலும் அது ஒரே வரிசையில்தான் வருகிறது, கட்டம் கட்டமாக, எனக்கும் ஒரு மூன்றாம் பக்கம் இருக்கிறது. எங்கள் தொழிற்பேட்டைக்குச் சொந்தமாக ஒரு துணை மின்நிலையம், அதில் ராத்திரி நான் ஒருவன். வெளியே லைனில் ஏறுகிறவன் முதலில் எனக்குப் போன் செய்ய வேண்டும், நான் அந்த லைனை அணைத்து, அணைத்த சுவிட்சின் கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும், ஏறியவன் இறங்கி அவன் வாயால் இறங்கிட்டேன் என்று சொல்லும்வரை அட்டையைத் தொடக்கூடாது. ஒரே லைனில் இரண்டு இடத்தில் வேலை என்றால் ஒரே கைப்பிடியில் இரண்டு அட்டை. அவ்வளவுதான் சட்டம், குழந்தைக்கும் புரியும். அட்டை மொத்தம் மூன்று, மூன்றும் சவரி செய்தது, கெட்டி மட்டையில் சிவப்புப் பெயின்ட் அடித்து வெள்ளையில் எழுதினான், 'ஆள் மேலே இருக்கிறான், சுவிட்சைத் தொடாதே', அதன் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண், எழுத்துக்கும் எண்ணுக்கும் காமிக்ஸ் தலைப்புபோல நிழல் வைத்து எழுதினான், மூலையில் ஓட்டை போட்டுச் சணல் கோத்து அவனுடைய முடிச்சைப் போட்டான், யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு. அன்றைக்கு ஐப்பசி மழை, நாலாம் நம்பர் லைனில் மரக்கிளை, கிளை வெட்டப் போன கும்பலுக்கு முதல் அட்டை மாட்டியாகிவிட்டது. இரண்டாம் அட்டை யார்டில் டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்சில் தொங்குகிறது. விடிகாலை நாலு நாற்பதுக்குப் போன். பழைய கறுப்புப் போன், நம்பர் பதியாது. "மாப்ள, ஃபவுண்டரி முக்குல ஏறப்போறேன், அதே லைன்தான், கார்டு போட்டுக்க." "போட்டாச்சு, ஏறு" என்றேன். போட்டாச்சு என்றுதான் எப்போதும் சொல்வோம், சொல்லிவிட்டுப் போடுவோம், கை அதற்குள் அட்டை தொங்கும் ஆணிக்குப் போயிருக்கும். போனது. ஆணியில் மூன்றாம் அட்டை இல்லை. எங்கே என்று எனக்குத் தெரியும், அகராதிக்குள் இருந்தது. அடையாளத்துக்கு வைத்திருந்தேன். நல்ல கனமான அட்டை, பக்கம் நழுவாது.

எடுக்கத்தான் அகராதியைத் திறந்தேன். இதை நான் எந்தக் கடவுள் முன்னும் சொல்வேன், எடுக்கத்தான் திறந்தேன். திறந்த இடத்தில் ஒரு சொல் கண்ணில் பட்டது. முந்தின ராத்திரி விட்ட இடத்துக்கு அடுத்த சொல், அதன் அர்த்தத்தைப் படித்தேன், அர்த்தத்துக்குக் கீழே இன்னொரு அர்த்தம் இருந்தது, அதையும் படித்தேன், சிரித்தேன் என்றுகூட நினைவு, நன்றாகத்தான் எழுதியிருக்கிறான் என்று. போன் அடித்தது. கிளை வெட்டினவர்கள். "முடிஞ்சுது சார், எல்லாரும் எறங்கியாச்சு, லைன எடுத்துக்கங்க." எழுந்து போய்க் கைப்பிடியைப் பார்த்தேன், ஒரு அட்டைதான் தொங்கியது, அதைக் கழற்றினேன், சுவிட்சைப் போட்டேன். கை மட்டும். மூன்றாம் பக்கத்தில் இருப்பதுபோல, சட்டை விளிம்புவரை ஒரு கை. எந்தச் சொல் அது. அது மட்டும் நினைவில்லை. அந்த இரண்டு பக்கத்தில் எழுபத்தாறு சொல் இருக்கிறது, எண்ணிவிட்டேன், ஒவ்வொன்றாக விரல் வைத்து இதுவா இதுவா என்று கேட்டிருக்கிறேன், சிரிக்கும்படி ஒன்றும் இல்லை, அளவு, மட்டம், பழுதுபார்த்தல், நினைவுகொள், எல்லாம் சப்பென்று கிடக்கின்றன. எதற்காக ஒருத்தனுக்குக் கை போனது என்று அவன் கேட்டால் ஒரு சொல்லுக்காக என்று சொல்லலாம், என்ன சொல் என்று கேட்டால். அப்புறம் அகராதியில் ஒரு பக்கம் நான் நகரவில்லை. அட்டை அதே இடத்தில் இருக்கிறது, அகராதி என் தோள்பையில் இருக்கிறது, பை இப்போது இந்தக் கட்டிலின் காலடியில் இருக்கிறது, பதினோரு மாதமாக அதைச் சுமந்துகொண்டுதான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன், வீட்டில் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள், எரித்தால், எரிக்கத் தீப்பெட்டியோடு இரண்டு தடவை உட்கார்ந்தேன், அவன் எழுத்து.

"ம். என்ன மாப்ள, தூக்கமா? ரெண்டு ம் சொல்லிட்டேன்." புரட்டினேன். பத்து, பதினொன்று. நீலப்பொறி டெலிபோன் கம்பிக்குள் ஓடிக்கொண்டிருந்தான். அன்றைய விபத்தை விசாரிக்க வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார், "மொத்தம் எத்தனை அட்டை?" "ரெண்டு சார்" என்றேன். வாய் தானாகச் சொன்னது, சொன்னபிறகு அந்தப் பொய் மரம்போல நின்றுவிட்டது, அசைக்க முடியவில்லை. போன் வந்ததை அப்போதைக்கு அப்போது நோட்டில் எழுத மாட்டோம், விடியும்போது சேர்த்து எழுதுவோம், எல்லாரும் அப்படித்தான், நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து கிளை வெட்டினவர்களின் போனை மட்டும் எழுதினேன். ஆகவே சவரிமுத்து சொல்லாமல் ஏறினான் என்று முடித்தார்கள். அவன் தப்பு. ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பியதும் அவனிடமே அதைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். முதலில் இல்லை போன் பண்ணினேன் என்று கத்தினானாம். அடுத்த மாதம் பண்ணினதாகத்தான் ஞாபகம் என்றான். இப்போது கேள்வியாகிவிட்டது. பக்கம் புரட்டுகிற நடுவிலே, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பான், "நான் போன் பண்ணுனனா மாப்ள அன்னிக்கு? இருபது வருசத்துல ஒரு நாள் சொல்லாம ஏறுனவன் இல்லியே நான். எப்படி மறந்தேன்." நான் "மழை, ஒரே சத்தம், எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடா" என்பேன். கையை எடுத்தது ஒரு தடவை. இந்த ஞாபகத்தை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறேன். போன வாரம் ஜெபமாலையிடம் சொல்லிக்கொண்டிருந்தான், "அவசரத்துல நாந்தான் சொல்லாம ஏறிட்டேன்போல", அவள் சோற்றை ஊட்டிக்கொண்டே "விடுங்க, அதையே பேசிக்கிட்டு" என்றாள், அவன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான், குருவிக்குஞ்சுபோல.

"ம்." பதினாறு, பதினேழு. தூரத்தில் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு, அது முடிந்தால் பிரசங்கம், பிரசங்கம் முடிந்து அரைமணியில் ஜெபமாலை வந்துவிடுவாள், நல்ல சாமியார், நீளமாகப் பேசுவார். இந்தக் கதாநாயகர்களைப்பற்றி எனக்கு ஒன்று புரியவே இல்லை, பத்து மாதமாகப் படிக்கிறேன், பாலம் இடிந்தால் வருகிறார்கள், ரயில் தடம் புரண்டால் வருகிறார்கள், யார் எங்கே கத்தினாலும் கேட்கிறது, ஆனால் ஒருத்தன் கன்ட்ரோல் ரூமில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவனும் ஜன்னலை உடைத்துக்கொண்டு வருவதில்லை. அங்கே சத்தமே இல்லையே, எதைக் கேட்டு வருவான். "ம்." பதினெட்டு. பத்தொன்பது. டேனியல் மின்நிலையத்துக்குத் திரும்பி வருகிறான், அதே கம்பம், அதே மழை. சவரி முதுகைச் சுவரிலிருந்து எடுத்து முன்னால் குனிந்துகொண்டான், மூச்சு என் கைமேல் பட்டது. "ம்." இருபது, இருபத்தொன்று. கன்ட்ரோல் ரூம் கதவு. டேனியலின் கை கைப்பிடியில். பலூனில், 'அன்று இந்த அறைக்குள் இருந்தவனை இன்று பார்த்துவிடப் போகிறேன்.' கடைசிக் கட்டத்தில் கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே நாற்காலியில் ஒருவன் திரும்புகிறான், காதும் கன்னத்தில் ஒரு துண்டும் மட்டும் தெரிகிறது. பலூன் இல்லை. என் விரலின் கீழே தாள் ஈரமாகியிருந்தது, என் வியர்வை. பழைய தாள், ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது, அது உண்மை, நான் ஒட்டவில்லை. "முப்பத்திரண்டு வருசம் மாப்ள" என்றான் சவரி. "ம்" என்றான். என் விரல் இரண்டு தாளைச் சேர்த்துப் பிடித்தது. எனக்குத் தெரிந்துதான் பிடித்தது. புரட்டினேன்.

ஒரு பாலம். பாலத்தின்மேல் நீலப்பொறி எவனோ வெள்ளைக்கோட்டுக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். எங்கிருந்து வந்தது பாலம், நாற்காலியில் இருந்தவன் எங்கே, ஒன்றும் இல்லை, நேராகச் சண்டை. நான் மும்முரமாகப் படத்தைப் பார்த்தேன், நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். சவரி ம் சொல்லவில்லை. ஒரு ஈ வந்து அவன் தோளில், அந்தச் சுருக்கில் உட்கார்ந்தது, அவன் தோளைக் குலுக்கினான், பறந்து மறுபடி உட்கார்ந்தது, விரட்டினேன். "மாப்ள" என்றான் மெதுவாக, "கீழ நம்பரப் பாரு." இருபத்துநாலு என்று போட்டிருந்தது. "ஒட்டிக்கிச்சுபோல" என்றேன். "ஒட்டிக்கும், பழைய தாளு" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தான், நான் பார்க்கவில்லை. "பிரிச்சு விடு. பாத்து, கிழிச்சுறாத." எச்சில் தொடாமல் நகத்தால் பிரித்தேன், சர்ரென்று ஒரு சத்தம், துவரம்பருப்பு நிறத்தில் தூள் உதிர்ந்தது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று. நாற்காலியில் இருந்தவன் ஃபிராங்க், டேனியலின் கூட்டாளி, முதல் இதழிலிருந்து கூடவே வருகிறவன், டேனியலின் வீட்டில் சாப்பிடுகிறவன். அடுத்த கட்டம். டேனியல் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்குகிறான், பிடித்த இடத்தில் முகம் கழன்று வருகிறது, ரப்பர் முகம், உள்ளே வேறு ஆள். நகல் டாக்டர் என்கிற வில்லன் செய்து அனுப்பிய ஆளாம், ஃபிராங்க்கைப்போலவே. உண்மையான ஃபிராங்க் அலமாரிக்குள் வாயில் துணியோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறான், எட்டு இதழாக, தாடி வளர்ந்துபோய். கடைசிக் கட்டத்தில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், டேனியலின் பலூனில், 'எனக்குத் தெரியும், என் நண்பன் இதைச் செய்திருக்கவே மாட்டான்.'

சவரி கடைசிக் கட்டம்வரை பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான், கைகள் இல்லாத சிரிப்பு, எதிலும் பிடித்துக்கொள்ள முடியாமல் உடம்பு கட்டிலில் சரிந்தது, பிடித்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். "ரப்பர் மூஞ்சியாம் மாப்ள. இதுக்கா முப்பத்திரண்டு வருசம் உக்காந்திருந்தேன். எட்டு புஸ்தகமா அலமாரிக்குள்ளயாம், ஒண்ணுக்கு ரெண்டுக்கு எப்படிப் போனான்." நானும் சிரித்தேன், இருமுவதுபோல. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கு நெஞ்சு லேசானது, அலமாரிக்குள் நான் கட்டிக்கிடந்தேன், வாயில் துணி, என் முகத்தை மாட்டிக்கொண்டு வேறு எவனோ எழுந்துபோய்ச் சுவிட்சைப் போட்டான் என்று ஒரு கணம் அப்படியே நம்பினேன், எவ்வளவு நல்ல கதை, எவ்வளவு நல்ல மனிதர்கள் இதை எழுதினவர்கள், நாம் கேட்காமலேயே மன்னிப்பை ரப்பரில் செய்து கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் என் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் தாடி. "அதுல ஒண்ணு பாத்தியா" என்றான் சவரி, சிரிப்பு அடங்கி, கண்ணோரம் ஈரத்தைத் தோளில் துடைக்கப் பார்த்து, தோள் எட்டாமல். நான் துடைத்துவிட்டேன். "டேனியல் யாரையும் கேக்கவே இல்ல. நான் சொல்லிட்டுத்தான ஏறுனேன்னு ஒரு வார்த்த கேக்கல. அவனுக்குத் தெரியுது. எட்டு புஸ்தகமா அவனுக்குத் தெரியுது, தான் சொல்லிட்டுத்தான் ஏறுனோம்னு. எனக்குத்தான்..." நிறுத்தினான். "எனக்குத்தான் தெரிய மாட்டேங்குது மாப்ள. அதான் எரிச்சலா வருது. கை போனா போச்சு, அது ஒரு மாதிரி பழகிருச்சு. கண்ண மூடுனா நான் போன எடுக்குற மாதிரியும் இருக்கு, எடுக்காத மாதிரியும் இருக்கு. பைத்தியம் புடிச்சுருமோன்னு இருக்கு." நான் "மழை" என்று ஆரம்பித்தேன். "ஆமா, மழை" என்றான். அவனே முடித்தான். வாராவாரம் நான் சொல்லி அவனுக்கே பாடமாகிவிட்டது.

ஸ்பீக்கர் நின்றிருந்தது. எப்போது நின்றது. தெருக்கோடியில் பூசை விட்டு வருகிற சனங்களின் பேச்சு லேசாகக் கேட்டது. "மிச்சத்த அப்புறம் பாக்கலாம்" என்றான், "அந்த ரப்பர் மூஞ்சிப் பக்கத்துல ஒரு அடையாளம் வச்சு மூடு, ஜெபமாலை வந்தா காட்டணும், சிரிப்பா." எப்போதும் பஸ் டிக்கெட்டைத்தான் வைப்பேன். சட்டைப்பையில் தேடினேன், இன்றைக்கு பஸ்ஸில் வரவில்லை, செக்யூரிட்டியின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு வந்தேன், டிக்கெட் இல்லை. "ஒரு துண்டுத் தாள்கூடவா இல்ல, படிச்ச மனுசன்" என்றான். குனிந்து பைக்குள் கையை விட்டேன். அகராதி கையில் பட்டது. அதன் நடுவே, இடம் தேடாமலே, விரல் போய் நின்றது. நான் முடிவு செய்தேன் என்று சொன்னால் பொய், கைதான் போனது, அன்றைக்கும் கைதான் போனது. அட்டையை உருவி எடுத்துக் காமிக்ஸுக்குள் வைத்து மூடினேன், எழுத்து உள்ளே போகும்படி, சிவப்பு ஓரம் மட்டும் வெளியே, சணல் தொங்கும்படி. அவனால் புத்தகத்தைத் திறக்க முடியாது. திறக்கவேண்டுமென்றால் யாராவது திறக்க வேண்டும், ஜெபமாலை திறப்பாள், அப்போது நான் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன், இப்படித்தான் என் புத்தி அந்த நேரத்திலும் ஓடியது, வெட்கமில்லாமல், வாசலை நோக்கி. செருப்பைப் பார்த்தேன்.

"இது என்னய்யா சணலு" என்றான் சவரி. "மாப்ள, இந்த முடிச்சு..." குரல் பாதியில் நின்றது. கட்டிலிலிருந்து இடுப்பை நகர்த்தி நகர்த்தி விளிம்புக்கு வந்தான், வலிக்கும், தெரியும், பிடிக்கப் போனேன், தோளால் என் கையைத் தள்ளினான். தலையைத் தாழ்த்தி, ஸ்டூல்வரை தாழ்த்தி, சணலைப் பல்லால் கவ்வி இழுத்தான். பரீட்சை அட்டை ஆடியது, புத்தகம் சரிந்தது, சிவப்பு அட்டை வெளியே வந்து அவன் வாயிலிருந்து தொங்கிச் சுழன்றது, எழுத்துப் பக்கம், வெறும் பக்கம், எழுத்துப் பக்கம். அவன் கண்ணைத் தாழ்த்தி அது நிற்கும்வரை பொறுத்திருந்து பார்த்தான். ஆள் மேலே இருக்கிறான். அதன் கீழே நிழல் வைத்து எழுதிய மூன்று. அவன் முகத்தில் எதுவுமே நடக்கவில்லை, வெள்ளைக் கோடு மாதிரி இருந்தது. வெளியே ஜெபமாலை யாரிடமோ முருங்கைக்காய்பற்றிப் பேசிக்கொண்டு வருவது கேட்டது, நாலு வீடு தள்ளி, மூணு வீடு. பல்லைத் திறந்தால் அட்டை கீழே விழும். அவன் திறக்கவில்லை. என்னைப் பார்த்தான். வாயில் அதை வைத்துக்கொண்டு அவனால் சொல்லக்கூடியது ஒன்றுதான் இருந்தது, அதைச் சொன்னான்.

"ம்."

"நாலு நாப்பதுக்கு" என்றேன். "நாலு நாப்பதுக்கு நீ போன் பண்ணுன."

அவன் கண்ணை மூடினான். திறந்தான்.

"ம்" என்றான்.